லோ பவரில் தொடங்குங்கள்: நுண்ணோக்கி பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் இந்தப் பகுதியில் வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறையை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: எந்த லென்ஸில் எதைப் பார்ப்பது? கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்பு எடுத்தே என் காலம் போனது. இன்றும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். எனவே இந்த இதழ் முழுவதும் அதற்கே. குழப்பம் வராமலிருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். "40 லென்ஸ்" என்று எழுதினால் அது கீழே உள்ள லென்ஸின் மேல் பொறித்திருக்கும் எண். "400 மடங்கு" என்றால் கண் வைக்கும் லென்ஸின் 10-ஐயும் சேர்த்துப் பெருக்கிய மொத்தம்.

கேள்வி: எங்கள் பள்ளி மைக்ராஸ்கோப்பில் 4, 10, 40, 100 என்று நான்கு லென்ஸ்கள் உள்ளன. எதைப் பார்க்கச் சொன்னாலும் "முதலில் லோ பவர்" என்கிறார் எங்கள் ஆசிரியை. நேராக 40-இல் வைத்தால் நேரம் மிச்சம்தானே, அம்மா?
— பிளஸ் டூ மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் ஆசிரியை அப்படிச் சொல்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

மடங்கு ஏற ஏறக் கண்ணுக்குத் தெரியும் வட்டம் சுருங்கும். பள்ளிகளில் உள்ள சாதாரணக் கருவியில் 4 லென்ஸில் சுமார் 4.5 மில்லிமீட்டர் அகலமுள்ள இடம் தெரியும். 10 லென்ஸில் அது 1.8 மில்லிமீட்டர். 40 லென்ஸில் 0.45. 100 லென்ஸில் வெறும் 0.18. ஸ்லைடில் நீங்கள் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப் 18 மில்லிமீட்டர் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். அதை 4 லென்ஸில் முழுவதும் பார்த்து முடிக்க இருபது வட்டம் போதும். 40 லென்ஸில் அதே வேலைக்கு இரண்டாயிரம் வட்டம் பார்க்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது அதில் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் தேடுவது எவ்வளவு சிரமம்!

இன்னொரு காரணம், லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே உள்ள இடைவெளி. 4 லென்ஸில் விரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கும். 40 லென்ஸில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த நிலையில் படத்தைத் தெளிவாக்கும் பெரிய திருகைத் திருப்பினால் லென்ஸ் நேரே கவர்ஸ்லிப்பில் போய் முட்டும். ஸ்லைடு உடைந்தால் வேறு எடுத்துக்கொள்ளலாம். லென்ஸின் முகத்தில் கீறல் விழுந்தால் அந்தக் கருவியில் அடுத்து வரும் எல்லா மாணவர்களுக்கும் நஷ்டம்.

ரியோ செடியின் இலை உங்கள் செய்முறையில் இருக்கும். இலையின் அடிப்புற ஊதாத் தோலை உரித்து ஒரு சொட்டுத் தண்ணீரில் வையுங்கள். 40 மடங்கில் ஊதாப் பரப்பின் நடுவே வெளிறிய பச்சைப் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். அவைதான் இலைத்துளைகள். இலையில் அவை நெருக்கமா, கலைந்தா, நரம்பின் மேல் இருக்கின்றனவா என்று தெரிய வேண்டுமானால் இந்த மடங்கில் மட்டும்தான் முடியும். 100 மடங்கில் ஒவ்வொரு துளையையும் சுற்றித் துணைச் செல்கள் அணைத்திருப்பது தெரியும். 400-இல் இரண்டு காப்புச் செல்கள், அவற்றுக்குள் பச்சையம், நடுவே வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது வரை தெரியும். ஆனால் இலை முழுவதும் அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்பது மறைந்துபோகும். 40 மடங்கு சொல்வதை 400 மடங்கால் சொல்ல முடியாது.

சரி, எப்படி மாற்றுவது? லோ பவரில் தெளிவாகக் கொண்டுவந்து, பார்க்க வேண்டியதை வட்டத்தின் சரிநடுவில் நிறுத்துங்கள். லென்ஸ்கள் மாட்டிய சுழல்தட்டை 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை திருப்புங்கள். நல்ல கருவியில் அடுத்த லென்ஸிலும் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். சிறிய திருகை மட்டும் சற்றுத் தொட்டால் போதும். வெளிச்சம் குறைந்தாற்போல் தோன்றினால் மேடைக்கு அடியில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டயஃப்ரத்தைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக, '1200 மடங்கு' என்று போட்டிருந்த பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப்பை ஆன்லைனில் வாங்கினேன். 100 மடங்கில் ஓரளவு தெரிகிறது. அதற்கு மேல் போனால் வெறும் புகை. "எனக்குத்தான் பார்க்கத் தெரியலப்பா" என்கிறாள். கருவி பழுதா? 2000 மடங்கு உள்ளதாக வேறொன்று வாங்கலாமா?
— ஒரு தந்தை, மதுரை

பதில்: வாங்காதீர்கள். முதலில் மகளிடம் சொல்லுங்கள், அவள் கண்ணிலும் கையிலும் எந்தக் குறையும் இல்லை என்று. குழந்தைகளுக்கு விற்கும் பெட்டியில் இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஒன்றும் தெரியாதபோது குழந்தை தன்னையே நொந்துகொள்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

ஒன்றைப் பெரிதாக்குவது வேறு, அடுத்தடுத்து உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டுவது வேறு. பலூனில் எழுதிய எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊத ஊத எழுத்து பெரிதாகும், புதிதாக ஒரு எழுத்தும் வராது. மை மங்கிக்கொண்டே போகும். உங்கள் கருவியில் 100-க்கு மேல் நடப்பது அதுதான்.

பிரித்துக் காட்டும் திறமை லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு ஒரு எண் உண்டு, நியூமரிக்கல் அப்பெர்ச்சர் என்பார்கள். பள்ளி, கல்லூரிக் கருவிகளில் லென்ஸின் பக்கவாட்டில் '40/0.65' என்று பொறித்திருக்கும். முதல் எண் பெருக்கம், இரண்டாவது எண் நான் சொல்வது. அதற்குக் கீழே '160/0.17' என்று இருந்தால் அது வேறு: குழாயின் நீளம் 160 மில்லிமீட்டர், கவர்ஸ்லிப்பின் தடிமன் 0.17 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்த லென்ஸ் என்று பொருள்.

ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர் 1873-இல் இதற்கு ஒரு எல்லை சொன்னார். ஒளியின் அலைநீளத்தை அந்த இரண்டாவது எண்ணின் இருமடங்கால் வகுத்தால், எவ்வளவு நெருக்கமான புள்ளிகள் வரை பிரித்துப் பார்க்கலாம் என்பது கிடைக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.55 மைக்ரான். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) அதன்படி 10/0.25 லென்ஸுக்கு 1.1 மைக்ரான் வரும், 40/0.65 லென்ஸுக்கு 0.42 மைக்ரான். இதற்குக் கீழே உள்ள விவரம் லென்ஸுக்குள்ளேயே நுழையவில்லை. அப்புறம் மேலே எத்தனை மடங்கு பெருக்கினால் என்ன?

நடைமுறையில் இரண்டாவது எண்ணை ஆயிரத்தால் பெருக்குங்கள். அதற்கு மேற்பட்ட மடங்கு எல்லாம் வெற்றுப் பெருக்கம். 0.65-க்கு 650 மடங்கோடு முடிந்தது. அதனால்தான் நல்ல கருவிகளில் அந்த லென்ஸோடு 10 மடங்குக் கண் லென்ஸை வைத்து 400-இல் நிறுத்துகிறார்கள். பரிசுப் பெட்டிக் கருவிகளில் இந்த இரண்டாவது எண்ணே பெரும்பாலும் இருக்காது. உங்கள் மகளின் லென்ஸில் தேடிப் பாருங்கள்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லேவன்ஹூக், கடுகளவு ஒற்றை லென்ஸை வைத்துப் பார்த்தவர். இன்று எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் மிகச் சிறந்தது காட்டுவது சுமார் 270 மடங்கு. அப்படிப்பட்ட கருவிகளை வைத்துக்கொண்டு 1683-இல் பல்லிடுக்கு அழுக்கில் பாக்டீரியாவைப் பார்த்து எழுதினார். 1200 தேவைப்படவில்லை, கண்ணாடி நன்றாக இருந்தது.

மகளின் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் குறைந்த மடங்கில் மட்டும் பார்க்கட்டும். உப்பின் சதுரக் கட்டிகள், கடற்கரை மணல், பட்டாம்பூச்சி இறக்கையில் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய செதில்கள், எறும்பின் கால், பருத்தித் துணியின் நெசவு என்று நிறைய இருக்கிறது. ஒளி ஊடுருவாத பொருளுக்கு மேலிருந்து டார்ச் அடிக்க வேண்டும். அடுத்து ஏதாவது வாங்கத் தோன்றினால் நல்ல 10 மடங்குக் கைலென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அல்லது ஃபோல்ட்ஸ்கோப். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி அது. 140 மடங்குதான், ஆனால் அந்த 140-இல் சொன்னதைக் காட்டும்.

கேள்வி: டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) படிக்கிறேன். 100 லென்ஸுக்கு மட்டும் ஏன் எண்ணெய் விடுகிறோம்? எண்ணெய் தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம் என்று தோழி சொல்கிறாள். சரியா?
— மாணவி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. காரணத்தைச் சொல்கிறேன்.

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, காற்றுக்கு 1. ஸ்லைடிலிருந்து சாய்வாகக் கிளம்பும் ஒளி காற்றுக்கு வரும்போது இன்னும் விலகி, லென்ஸுக்குள் போகாமல் தப்பிவிடுகிறது. நுண்ணிய விவரத்தைக் கொண்டுவருவது அந்தச் சாய்வான ஒளிதான். நடுவே 1.515 உள்ள எண்ணெயை வைத்தால், கண்ணாடியிலேயே போவதுபோல் ஒளி நேராகப் போய்விடும். மேலே மதுரைத் தந்தைக்குச் சொன்ன அந்த இரண்டாவது எண், நியூமரிக்கல் அப்பெர்ச்சர், காற்றில் எந்த லென்ஸுக்கும் 1-ஐத் தாண்டாது. எண்ணெயில் 1.25 கிடைக்கிறது. அதனால்தான் 0.22 மைக்ரான் வரை இறங்க முடிகிறது. காசநோய்க் கிருமியின் தடிமனே 0.2 முதல் 0.6 மைக்ரான்தான் என்பதை நினைத்தால் இந்த ஒரு சொட்டின் அருமை தெரியும். தேங்காய் எண்ணெய்க்கு ஒளிவிலகல் எண் 1.45 அளவில்தான். படம் மங்கும். ஏ.சி. போட்ட அறையில் அது லென்ஸிலேயே உறைந்தும் போகும்.

எண்ணெய் விட்டபின் 40 லென்ஸுக்குத் திரும்பாதீர்கள். அது ஸ்லைடுக்கு மிக அருகில் வருவதால் எண்ணெயில் தோய்ந்துவிடும், அது உலர் லென்ஸ். மறுபடி தேட வேண்டுமானால் 10-க்குப் போங்கள், அது எட்டத்தில் நிற்கும். வேலை முடிந்ததும் லென்ஸ் தாளால் ஒற்றி எடுங்கள். கைக்குட்டை, பஞ்சு வேண்டாம். பழைய தேவதாரு எண்ணெய் புழங்கும் இடமாக இருந்தால் அன்றன்றே துடைத்தாக வேண்டும், காய்ந்தால் பிசினாகிவிடும்.

லேப் படிப்பு என்றாலே 100 லென்ஸ்தான் என்ற எண்ணம் மாணவர்களிடம் உண்டு. யானைக்கால் நோயை நன்றாக அறிந்த ஊர் உங்களுடையது. அந்த நோய்க்கு இரவில் எடுத்த ரத்தத்தில் தேடும் இளம் புழுவான மைக்ரோஃபைலேரியா கால் மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதை 10 லென்ஸில் வைத்து ஸ்லைடு முழுவதும் தேட வேண்டும். எடுத்தவுடன் எண்ணெய் லென்ஸில் வைத்தால் 0.18 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் புழு முழுதாக அடங்கவே அடங்காது. உறை இருக்கிறதா, வால்நுனி எப்படி என்று இனம் பிரிக்கும்போதுதான் மேலே போக வேண்டும். மலேரியாவும் காசநோயும் எண்ணெய் லென்ஸுக்கு உரியவை. அங்கேயும் 'இல்லை' என்று எழுதுவதற்கு முன் நூறு வட்டமாவது பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. வட்டம் எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதால் அந்த விதி ஏன் என்பதும் புரிந்திருக்கும். தயவுசெய்து இருபதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் காய்ச்சலோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: இட்லி மாவு புளிப்பது நுண்ணுயிர்களால் என்று படித்தேன். மகனின் மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் மாவை வைத்தேன். உருண்டை உருண்டையாக ஏராளமாகத் தெரிந்தது. அவைதானா?
— இல்லத்தரசி, கோவை

பதில்: பெரும்பாலும் அவை இல்லை. தடித்த கறுப்பு விளிம்போடு பளபளவென்று தெரிந்தால் காற்றுக் குமிழி. விளிம்பு மெலிந்து, மூலை மூலையாக, சிறிதும் பெரிதுமாக இருந்தால் ஸ்டார்ச் துகள். அரிசியின் துகள்கள் 3 முதல் 8 மைக்ரான்; உளுந்தினுடையவை அதைவிடப் பெரியவை. சோதிக்க வழி உங்கள் வீட்டிலேயே இருக்கும். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலக்கி, கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறியதெல்லாம் ஸ்டார்ச்.

மாவைப் புளிக்கவைப்பதில் முக்கியப் பங்குள்ள லியூகோனாஸ்டாக் பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவே உள்ளது. 400 மடங்கில் அது இருந்த இடத்திலேயே துள்ளும் வெறும் புள்ளி. ஈஸ்ட் இருந்தால் முட்டை வடிவில், சில சமயம் பக்கத்தில் சின்ன மொட்டோடு, 400-இலேயே நன்றாகத் தெரியும்.

பாக்டீரியாவைத்தான் பார்க்க வேண்டும் என்றால் தயிரில் தொடங்குங்கள், அங்கே ஸ்டார்ச் தொந்தரவு இல்லை. தயிரின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் ஒரு சொட்டை ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்து, உலரவிட்டு, தீயின் மேல் இரண்டு முறை சட்டென்று காட்டுங்கள். மெதிலீன் நீலம் விட்டு ஒரு நிமிடம் கழித்துக் கழுவுங்கள். 1000 மடங்கில், எண்ணெயோடு பார்த்தால் நீலக் குச்சிகளும் மணிமாலைபோல் கோத்த உருண்டைகளும் தெரியும். பள்ளியில் எண்ணெய் லென்ஸ் இருந்தால் மகன் ஸ்லைடை அங்கே எடுத்துப் போகட்டும்.

கேள்வி: "டீச்சர், இது நிஜத்தில் எவ்வளவு பெரிசு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் எங்களிடம் இல்லை.
— அரசுப் பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: நல்ல பிள்ளைகள், நல்ல கேள்வி. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். 4 லென்ஸில் ஸ்கேலை வைத்து, வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 4.5 என்று வருகிறதா? 10 லென்ஸுக்கு அதை நான்கால் பெருக்கிப் பத்தால் வகுக்க வேண்டும், 1.8. 40 லென்ஸுக்கு, நான்கால் பெருக்கியதை நாற்பதால் வகுத்தால் 0.45. உங்கள் கருவியில் எண் சற்று மாறலாம், அளந்ததையே வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு அட்டையில் எழுதிக் கருவியிலேயே ஒட்டிவிடலாம்.

அப்புறம் வெங்காயத் தோல். 10 லென்ஸில் வட்டத்தின் குறுக்கே நீளவாக்கில் ஆறு செல்கள் நின்றால், ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர். பிள்ளைகளே வகுத்துக் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்!

ரெகார்டு நோட்டில் படத்துக்குப் பக்கத்தில் '400 மடங்கு' என்று எழுதுவது வழக்கம். எந்த லென்ஸில் பார்த்தார்கள் என்பதற்கு அது சரி. ஆனால் செல்போனில் எடுத்த படத்துக்கு அந்த எண் பொருந்தாது. திரையின் அளவு மாறினால், விரலால் இழுத்தால் எல்லாம் மாறிவிடும். அதற்குப் பதில் படத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 'இந்த நீளம் 0.1 மில்லிமீட்டர்' என்று குறிக்கப் பழக்குங்கள். படம் எவ்வளவு பெரிதானாலும் கோடும் கூடவே பெரிதாகும்.

கேள்வி: ஸ்லைடை வலது பக்கம் நகர்த்தினால் படம் இடது பக்கம் போகிறதே?
— எட்டாம் வகுப்பு மாணவி, திண்டிவனம்

பதில்: படம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் விழுகிறது. செய்தித்தாளில் ஒரு சிறிய 'ட' வெட்டி 4 லென்ஸில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப் பழகினால் கை தானாகவே செய்யும்.

கேள்வி: 1000 மடங்கில் கொரோனா வைரஸ் தெரியுமா?
— வாசகர், வேலூர்

பதில்: தெரியாது. அதன் விட்டம் சுமார் 0.1 மைக்ரான், எண்ணெய் லென்ஸின் எல்லையே 0.22. ஒளியை விட்டுவிட்டு எலக்ட்ரானைப் பிடித்தால்தான் முடியும். 1931-இல் ருஸ்காவும் நோலும் பெர்லினில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் தொடங்கிவைத்தார்கள். ருஸ்காவுக்கு நோபல் பரிசு 1986-இல்தான் வந்தது.

கேள்வி: ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையை 400-இல் பார்த்தால், திருகைத் தொடும்போதெல்லாம் வேறு செல்கள் வருகின்றன. கருவி ஆடுகிறதா?
— பி.எஸ்சி. மாணவர், நாகர்கோவில்

பதில்: கருவி நன்றாகவே இருக்கிறது. அந்த இலை இரண்டு செல் அடுக்கு கொண்டது. 40 மடங்கில் இரண்டும் சேர்ந்து தெரியும். 400-இல் தெளிவாகத் தெரியும் ஆழம் சில மைக்ரான்தான் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு அடுக்குதான். சிறிய திருகை மெல்ல ஏற்றி இறக்கினால் எது மேலே எது கீழே என்று நீங்களே சொல்லலாம். ஒரு அடுக்கில் நிறுத்திக் கொஞ்சம் காத்திருங்கள். விளக்கின் சூட்டில் பச்சையத் துகள்கள் செல்லின் ஓரமாக வரிசையாகச் சுற்றத் தொடங்கும்.

கேள்வி: குளத்துத் தண்ணீரில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி கிடைத்தது. 40 லென்ஸுக்கு மாற்றினால் ஓடிப்போகிறது. எப்படிப் பிடிப்பது?
— ஆர்வலர், திருநெல்வேலி

பதில்: அது நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நீந்தும். உங்கள் 40 லென்ஸ் வட்டம் 0.45 மில்லிமீட்டர். அரை நொடிக்குள் கடந்துவிடுகிறது, பிடிக்க முடியாதது இயல்புதான். அதன் நீளமே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருப்பதால், அது எப்படி நீந்துகிறது, முட்டினால் எப்படிப் பின்வாங்கித் திரும்புகிறது என்பதையெல்லாம் 10 லென்ஸிலேயே ஆசைதீரப் பாருங்கள். டயஃப்ரத்தைச் சற்று மூடி வையுங்கள். சாயமேற்றாத உயிர்கள் அதிக வெளிச்சத்தில் கரைந்துபோகும்.

உள்ளே துடிக்கும் சுருங்கு குமிழியைப் பார்க்க 40 லென்ஸ் வேண்டும். பஞ்சிலிருந்து நாலைந்து இழைகளைப் பிரித்துச் சொட்டுக்குள் போட்டுக் கவர்ஸ்லிப் மூடுங்கள். இழைகளுக்கு நடுவே அகப்பட்டது அதிக தூரம் போகாது. அப்படியும் ஓடினால் ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். அளவு மிஞ்சினால் கவர்ஸ்லிப்பின் எடையிலேயே நசுங்கிவிடும். அதனால் பக்கத்தில் அதே குளத்துத் தண்ணீரைச் சொட்டுக்குழாயில் தயாராக வைத்திருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு சொட்டு ஓரத்தில் விட்டால் நெடுநேரம் உயிரோடு இருக்கும்.